வயிற்றுவலி என்றால் முதலில் யூரின் டெஸ்ட்: அவசரப் பிரிவு டாக்டரிடம் கேள்வி பதில்

கேள்வி: தங்கைக்கு வயது 24, கல்யாணமாகி ஒரு வருடம். நேற்றிலிருந்து அடிவயிற்றில் ஒரு பக்கம் வலி, லேசாக ரத்தம் படுகிறது. கேஸ் மாத்திரை போதுமா?

பதில்: போதாது, உடனே கிளம்புங்கள். நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்றும் கேளுங்கள். கருக்குழாயில் கரு தங்கிக் குழாய் வெடித்தால் ரத்தம் பெரும்பாலும் வயிற்றுக்குள்ளேதான் தேங்கும், வெளியே படுவது சொட்டுதானே என்று ஏமாந்துவிடக் கூடாது. ஒரு ராத்திரி ஒரு பெண் தோள்பட்டை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே நடந்து வந்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது, நாடி 130. வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உறுத்தினால் வலி தோளில் தெரியும். கர்ப்பம் பார்க்கும் யூரின் டெஸ்டில் இரண்டு கோடு, ஸ்கேனில் வயிறு முழுக்க ரத்தம், நேரே ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் கொண்டுபோனோம். பிழைத்துவிட்டார். வெடிக்கும் முன்பே கண்டுபிடித்தால் பலருக்கு மெத்தோட்ரெக்சேட் ஊசியிலேயே சரியாகிவிடும்.

கேள்வி: குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவருக்கும் டெஸ்டா?

பதில்: ஆமாம். அதையும் மீறிக் கரு தங்கினால், குழாயில் தங்கியிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

கேள்வி: பிரசவமாகி 8 நாள். தாங்க முடியாத தலைவலி, கண் மங்குகிறது. தூக்கமில்லாததாலா?

பதில்: இப்போதே மருத்துவமனைக்குப் போய் பிரஷர் பாருங்கள். 160/110-ஐத் தொட்டால் ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாது, பிரசவத்துக்குப் பிறகும் ஃபிட்ஸ் வரும். வந்தால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள், கையில் சாவி, வாயில் கரண்டி எதுவும் வேண்டாம். மக்னீசியம் சல்பேட் ஊசிதான் அதற்கு மருந்து.

கேள்வி: பிசிஓஎஸ்-க்கு (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்ன சாப்பிடலாம்?

பதில்: அதை ஓ.பி.யில் கேளுங்கள்.

கேள்வி: கல்யாணமாகாத பெண்ணுக்குமா யூரின் டெஸ்ட்? என் மகளிடம் கேட்டால் அப்படியே கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

இன்னொருவர்: சரியாகச் சொன்னீர்கள். பெண்ணைப் பெற்றவர்களுக்குத்தான் அந்த அவமானம் தெரியும்.

பதில்: தயவுசெய்து கூட்டிப் போகாதீர்கள் அம்மா. உங்கள் மகளைச் சந்தேகப்பட்டு நாங்கள் கேட்பதில்லை, வயிற்றுவலியோடு வரும் எல்லாப் பெண்களிடமும் கேட்கிறோம். பக்கத்தில் அம்மா நிற்கும்போது எந்தப் பெண் உண்மையைச் சொல்வாள்? அதனால்தான் உங்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்கிறோம். டெஸ்டில் ஒன்றுமில்லை என்று வந்தால் அடுத்து சினைப்பை முறுக்கிக்கொண்டதா, குடல்வால் வீக்கமா என்று தேடலாம், அதற்கும் நேரம் முக்கியம். அவமானம் பார்த்து வீட்டுக்குத் திரும்பி, மறுநாள் மயங்கிய நிலையில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஏழாம் மாதம், வலியே இல்லாமல் ரத்தம்.

பதில்: நஞ்சுக்கொடி கீழே, கருப்பை வாயருகே இருக்கலாம். ஸ்கேன் பார்க்காமல் உள்பரிசோதனைக்குச் சம்மதிக்காதீர்கள். ரத்த வங்கி உள்ள மருத்துவமனைக்கே போங்கள்.

கேள்வி: நாள் தள்ளி 10 நாள், வலது பக்கம் வலி. கேஸாக இருக்குமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். யூரின் டெஸ்ட்.

கேள்வி: நான்தான் மேலே கேட்டேன். வலி இப்போது குறைந்துவிட்டது, நாளை போகட்டுமா?

பதில்: குழாய் வெடித்ததும் சில நேரம் வலி குறையும். இப்போதே போங்கள்.