மழை விட்ட வானம், மங்கிப்போன படம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கடந்த கோடையில் ஒரு மாலை, சூறைக்காற்றும் இடியுமாகக் கொட்டிய மழை ஓய்ந்ததும், ஊருக்கு மேற்கே ஒரு கண்மாய்க் கரையில் நின்று மதுரைக்கு அருகே படுத்த யானை வடிவில் இருக்கும் யானைமலையைப் படம் எடுத்தேன். பின்னால் மைக்கருப்பாக மேகம். மேற்கு வெயில் பட்டு மலை மட்டும் செம்பொன்னாக நின்றது. ஆனால் படத்தில் மேகம் வெறும் சாம்பலாகவும் பாறை வெளிறியும் கிடக்கின்றன. படம் திருத்தும் செயலியில், மங்கலைப் போக்கும் ‘டீஹேஸ்’ கருவியை ஏற்றிப் பார்த்தேன். மேகம் மிரட்டலாக வந்தது. கூடவே மலை விளிம்பு நெடுக ஒரு வெள்ளைக் கோடும் வந்துவிட்டது. கேமரா பதிந்த ஒளி விவரம் சுருக்கப்படாமல் இருக்கும் ரா கோப்பு என்னிடம் இருக்கிறது. படத்தைக் காப்பாற்ற முடியுமா? – ஒத்தக்கடை வாசகர்

பதில்: முடியும். ரா கோப்பை அழிக்காமல் வைத்திருந்தீர்களே, அதுவே பாதி வேலை.

கேமராவின் ஒளிமானிக்குத் தன் முன்னால் இருப்பது கருமேகமா வெள்ளைச் சுவரா என்பது தெரியாது. படச் சட்டத்துக்குள் இருப்பதையெல்லாம் சேர்த்து ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரவே அது முயலும். உங்கள் சட்டத்தில் பெரும்பகுதி கருமேகமாக இருந்ததால் அது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, கூட்டியிருக்கிறது. அதில் மேகம் வெளுத்தது மட்டுமல்லாமல், ஏற்கெனவே வெயிலில் பளிச்சென்றிருந்த பாறையும் வெளிறிப்போனது. அடுத்த முறை எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது ஒளி பாதியாகும் அளவுக்குக் குறைத்து எடுங்கள். படத்தின் இருள், வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரச் சுவரில் முட்டி நிற்காமல் இருந்தால் பாறையின் விவரம் தப்பித்தது என்று பொருள்.

இப்போது கையில் உள்ள படத்துக்கு வருவோம். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 வெளிச்சப் படிகள்தாம் உண்டு. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். ஆகவே திருத்தம் முழுவதையும் ரா கோப்பிலேயே செய்யுங்கள். முதல் வேலையாக, மொத்த எக்ஸ்போஷரை மேகம் தன் கருமைக்குத் திரும்பும் வரை இறக்குங்கள். அடுத்தது, படத்தின் நிறச்சாயலைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸ். தானியங்கி முறை, பாறையின் பொன்னிறத்தை ஏதோ பிழை என்று எண்ணி நீலத்தைச் சேர்த்துச் சரிசெய்துவிடும். அதை விட்டுவிட்டு 5,200 முதல் 5,500 கெல்வின் வரையிலான பகல் வெளிச்ச அளவை வைத்துப் பாருங்கள். மேகத்தின் நீலமும் பாறையின் பொன்னும் ஒரே படத்தில் எதிரெதிரே நிற்பதே அந்த மாலையின் அழகு. இரண்டில் ஒன்று போனாலும் படம் சாதாரணமாகிவிடும்.

வெள்ளைக் கோட்டுக்குக் காரணம் இதுதான். டீஹேஸ், கிளாரிட்டி போன்ற கருவிகள் ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு வேறுபாட்டைப் பெருக்குபவை. வெளிச்சமான மலையும் இருண்ட வானமும் சந்திக்கும் கூர்மையான விளிம்பில் அந்தக் கணக்கு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வழிந்துவிடுகிறது. எனவே டீஹேஸைப் படம் முழுவதற்கும் போடாதீர்கள். வானத்தில் மட்டும் திருத்தம் படும்படி ஒரு மாஸ்க் அமைத்து, அந்த மாஸ்க்கில் மலையை ஒட்டிய பகுதியைப் பெரிய, மென்மையான தூரிகையால் அழித்துவிட்டு, மேகத்தின் நடுப்பகுதியில் மட்டும் சிறிதளவு ஏற்றுங்கள். பிறகு படத்தை 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, யானையின் தலையிலிருந்து முதுகு வரை விளிம்பைத் தொடர்ந்து பார்த்து வாருங்கள்.

பாறையில் இன்னும் கவனம் வேண்டும். மழை நின்ற சில நிமிடங்களுக்கு யானைமலையின் மடிப்புகளில் நீர் கீற்றுக்கீற்றாக வழியும். நனைந்த இடம் கறுத்தும், காய்ந்த இடம் வெளுத்தும், நீர்ப்படலத்தில் வெயில் சாய்வாகப் படும் இடம் கண்ணாடிச் சில்லுபோல மின்னியும் இருக்கும். நிழல்பகுதியை வெளிச்சமாக்கும் ‘ஷேடோஸ்’ ஸ்லைடரை இறுதி வரை தள்ளினால் இந்த மூன்றும் ஒரே மண்நிறமாகிவிடும். நிழலை நிழலாகவே விடுங்கள். கண்மாய்க் கரை இருட்டாக இருப்பதும் குறையில்லை. மலை அதனால் கூடுதலாக ஒளிரும்.

இப்படி இடத்துக்கு இடம் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது ஏமாற்று வேலையோ என்று சிலர் தயங்குவார்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், நியூ மெக்சிகோவில் 1941-இல் எடுத்த நிலவுதயப் படத்தைப் பிற்காலத்தில் அச்சிட்டபோது, இருட்டறையில் அதன் வானத்தை மேலும் மேலும் கருமையாக்கினார். அந்த மாலையில் கண்ணால் கண்டதை மீட்பதற்காக நீங்கள் செய்யும் திருத்தத்தில் தவறில்லை என்பதே என் உறுதியான கருத்து. அன்று இல்லாத மேகத்தை வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டுவதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

ஒன்றைக் கவலையோடு சொல்கிறேன். திறந்த கண்மாய்க் கரையும் ஒற்றைப் பனைமரத்தடியும் மின்னல் நேரத்தில் மிக ஆபத்தானவை. கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் கழியும் வரை கட்டடத்துக்குள்ளேயே இருங்கள். நல்ல வெளிச்சம் சில நாட்களில் அதற்குள் போய்விடும், போனால் போகட்டும்.

கேள்வி: வண்டியூர்த் தெப்பக்குளத்தில் மழைமேகமும் மைய மண்டபமும் நீரில் தெரியும்படி எடுத்த படத்தைத் திருத்தினேன். எல்லாம் தெளிவாக இருந்தும் ஏதோ செயற்கையாகத் தோன்றுகிறது. – காமராசர் சாலை வாசகி

பதில்: வானத்தை இருட்டாக்கியபோது நீரை அப்படியே விட்டிருப்பீர்கள். நீர் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியையே திருப்பி அனுப்பும். ஆதலால் மேகத்தின் பிம்பம் எப்போதும் மேகத்தைவிடச் சற்று இருண்டே இருக்கும். படத்தில் பிம்பம் வானத்தைவிட வெளிச்சமாகிவிட்டால், காரணம் சொல்லத் தெரியாதவர்களுக்கும் அது கண்ணை உறுத்தும். நீர்ப்பகுதியை வானத்தைவிடக் கால் அல்லது அரை ஸ்டாப் கூடுதலாக இறக்குங்கள், மண்டபத்தைத் தொடவேண்டாம்.

கேள்வி: நாகமலை மேல் தோன்றிய வானவில் நேரில் பளிச்சென்று இருந்தது. போலரைசர் ஃபில்டர் போட்டதும் காணாமல் போய்விட்டது. ஏன்? – மேலூர் வாசகர்

பதில்: வானவில்லின் ஒளி முனைவுற்ற ஒளி, அதாவது பெரும்பாலும் ஒரே திசையில் அதிரும் ஒளி. போலரைசர் அத்தகைய ஒளியைத் திசைபார்த்துத் தடுக்கும் ஃபில்டர். ஃபில்டரை ஒரு நிலையில் வைத்தால் அது வில்லை முழுதாக விழுங்கிவிடும். அங்கிருந்து கால் வட்டம் திருப்பினால் பின்னணி வெளிச்சம் மட்டும் குறைந்து வில் எடுப்பாகத் தெரியும். முழு வில்லும் சட்டத்தில் அடங்க 84 பாகை அகலம் வேண்டும். முழுச்சட்டக் கேமராவில் (36 × 24 மி.மீ. உணரி கொண்டது) அதற்கு 20 மி.மீ. அல்லது அதற்கும் குறைந்த குவியத்தூரமுள்ள லென்ஸ் தேவை. திருத்தும்போது, வில்லின் உட்புற வானம் வெளிப்புறத்தைவிட வெளிச்சமாக இருப்பதைப் பிழை என்று நினைத்துச் சமன்செய்துவிடாதீர்கள். இயற்கையில் அது அப்படித்தான் இருக்கும்.