கண்டிஷன் கையெழுத்து நான்கு நாள் தவறிவிட்டது, ஜாமீன் ரத்தாகுமா?

கேள்வி: எங்கள் ஊர் ராயக்கோட்டை அருகே உள்ளது. வரப்புத் தகராறில் பங்காளிக்குக் கை எலும்பு முறிந்ததால் என் மீது கொடுங்காய வழக்குப் பதிவானது. கிருஷ்ணகிரி அமர்வு நீதிமன்றம் ஜாமீன் தந்தது. மறு உத்தரவு வரும் வரை தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும். நான் அத்திப்பள்ளியில் ஓர் ஆலையில் வேலை செய்கிறேன். வாரம் இரண்டு நாள் வந்தால் போதும் என்று ஏட்டு சொன்னதால் நான்கு நாள் போகவில்லை. ஜாமீனை ரத்து செய்ய வைப்போம் என்கிறது எதிர்த்தரப்பு. திருவிழாவுக்கு முன் பங்காளி வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசிவிடலாம் என்கிறார் என் மாமா. என்ன செய்யலாம்?

பதில்: நாளைக் காலை 10.30 மணிக்கு நிலையத்துக்குப் போய்க் கையெழுத்திடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான்கு நாள் தவறியதால் மட்டும் ஜாமீன் தானாக ரத்தாகிவிடாது. அதற்குக் காவல்துறையோ புகார்தாரரோ மனுச் செய்ய வேண்டும். உங்கள் தரப்பைக் கேட்ட பிறகே நீதிமன்றம் முடிவெடுக்கும். ஜாமீனை மறுப்பதற்குப் போதுமான காரணங்களைவிட, கொடுத்த ஜாமீனைப் பறிப்பதற்கு வலுவான காரணங்கள் வேண்டும் என்று தவுலத் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-லேயே கூறியிருக்கிறது. ஆனால் இந்த ஆறுதலை நம்பி ஐந்தாவது நாளும் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். உங்கள் ஜாமீன் உத்தரவின் கடைசிப் பத்தியை எடுத்துப் படியுங்கள். நம் மாநிலத்து உத்தரவுகள் பலவற்றில், நிபந்தனை மீறப்பட்டால் தாமே ஜாமீன் வழங்கியதைப் போலக் கருதி நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) நடவடிக்கை எடுக்கலாம் என்ற வரி, பி.கே. ஷாஜி வழக்கின் தீர்ப்பைச் சுட்டி எழுதப்பட்டிருக்கும். அந்த வரி உங்கள் உத்தரவிலும் இருந்தால், ரத்து நடவடிக்கை நடுவர் நீதிமன்றத்திலேயே தொடங்கிவிடலாம்.

ஏட்டு நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் நீதிமன்றம் விதித்த நிபந்தனையைத் தளர்த்தும் அதிகாரம் அவருக்கோ ஆய்வாளருக்கோ கிடையாது. நாளை அவர் வேறு நிலையத்துக்கு மாற்றலாகிப் போனால், பதிவேட்டில் உங்கள் கையெழுத்து இல்லாத நான்கு நாட்கள் மட்டுமே மிஞ்சும். அவர் சொன்னார் என்பதற்கு உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. வேலை நேரம் இடிக்கிறது என்றால், ஜாமீன் கொடுத்த அதே அமர்வு நீதிமன்றத்தில் நிபந்தனைத் தளர்வு மனுப் போடுங்கள். ஆலையின் பணிச் சான்று, ஷிப்ட் அட்டவணை, இதுவரை கையெழுத்திட்ட நாட்களின் விவரம் ஆகியவற்றை அதனுடன் இணைத்து, தவறிய நான்கு நாட்களையும் மறைக்காமல் காரணத்துடன் எழுதச் சொல்லுங்கள். அந்த விவரம் எதிர்த்தரப்பின் வாயிலிருந்து முதலில் வந்தால் நீதிபதி அதை வேறு கண்ணால் பார்ப்பார்.

இன்னொன்றையும் பாருங்கள். ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். மாநிலத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று உத்தரவில் இருந்தால், அத்திப்பள்ளிக்குத் தினமும் போய்வருவதே மீறலாகிவிடும். அதற்கும் சேர்த்து அனுமதி கேட்க வேண்டும்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது மாமாவின் யோசனைதான். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கவே நீங்கள் போகலாம். ஆனால் வாசலில் ஒரு வார்த்தை தடித்துவிட்டால், சாட்சியை மிரட்டினார் என்ற புகார் அன்று மாலையே நிலையத்துக்குப் போய்விடும். நிபந்தனைகளில் சாட்சியைக் கலைப்பதைப் போல ஜாமீனைக் கவிழ்ப்பது வேறில்லை. பொய்ச் சாட்சி சொல்லும்படி மிரட்டுவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 232-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய தனிக் குற்றமும் ஆகும். மாமாவை அனுப்புவதும், வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவதும் இதே கணக்கில்தான் சேரும். சமாதானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பங்காளிகளுக்குள் அது நடந்தால் எனக்கும் மகிழ்ச்சியே. உங்கள் வழக்கறிஞர் அவர்களுடைய வழக்கறிஞரிடம் பேசட்டும். இரு தரப்பும் மனமொத்தால், கூட்டு சமரச மனுவுடன் வழக்கை ரத்து செய்யச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுக வழியுண்டு. அதுவரை, திருவிழாவில் அவர்கள் நிற்கும் பக்கமே போகாதீர்கள். எருது விடும் இடத்தில் நடக்கும் சிறு தள்ளுமுள்ளு கூட உங்கள் பெயரில் புது வழக்காகிவிடும்.

குற்றப்பத்திரிகை தாக்கலானதும் வாய்தாக்கள் தொடங்கும். வர முடியாத நாளில், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 317, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 355-வது பிரிவின்கீழ் வழக்கறிஞர் மூலம் மனுக் கொடுங்கள். சொல்லாமல் விட்டால் பிடிவாரண்டு பிறக்கும். தக்க காரணமின்றி ஆஜராகாமல் இருப்பதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 269-வது பிரிவில் ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். உங்களுக்காகக் கையெழுத்திட்ட ஜாமீன்தாரர்கள் இருவரும் பிணைத்தொகையைக் கட்ட நேரிடும். ஆகவே வேலைக்காக ஓசூர்ப் பக்கம் வீடு மாறுவதாக இருந்தால், அவர்களிடமும் சொல்லிவிட்டு, புது முகவரியை முன்கூட்டியே நீதிமன்றத்துக்கும் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெற்ற நகலை ஜாமீன் உத்தரவுடன் பத்திரப்படுத்துங்கள்.