அலசியும் போகாத பிசுக்கு

சகோதரி, இடுப்பு வரை முடி, தினமும் சீரம், ரெண்டு தடவை அலசியும் மெழுகு பூசினாற்போல் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சீரத்தில் இருக்கும், முடிக்கு வழவழப்புத் தரும் சிலிக்கோன் படிந்திருக்கும். கிளாரிஃபையிங் ஷாம்பு, அதாவது படிந்ததை நன்றாகக் கழுவி நீக்கும் ஷாம்பு, அதை எடுத்துவிடும். உச்சந்தலையில் மட்டும் தேய்த்து, நுரையை நுனி வரை வழியவிடுங்கள். நுனியைக் கசக்கவே வேண்டாம், அது பழைய முடி, உடைந்துவிடும். அப்புறம் காதுக்குக் கீழே கண்டிஷனர் கட்டாயம். இந்த ஷாம்பு மாதம் ஒரு முறை போதும்.

ஆனால் கீழக்கரையில் போர் தண்ணீரில்தான் குளிக்கிறீர்கள் என்றீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. நானும் அதே ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்க்காரிதான். எங்கள் வாளி ஓரத்தில் வெள்ளையாகக் காயும் உப்பு முடியிலும் படியும். அதற்கு ஈடிடிஏ என்ற, உப்பைப் பிடித்து இழுக்கும் பொருள் சேர்த்த கீலேட்டிங் ஷாம்பு வேண்டும். குடிதண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிற ஊர்தான், இருந்தாலும் கடைசி அலசலுக்கு அதில் ஒரு குடம் ஒதுக்குங்கள்.