72 வயதுக் குரல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

2024 மார்ச் 8 அன்று வெளிவந்த, ஜூடாஸ் ப்ரீஸ்ட் என்ற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுவின் 'இன்வின்சிபிள் ஷீல்ட்' ஆல்பத்தைத்தான் சில வாரங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் மூன்று பாட்டும் அதிரடி. 'தி சர்ப்பென்ட் அண்ட் தி கிங்' பாட்டில் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் அலறுவதைக் கேட்டால் அவருக்கு 72 வயது என்று யார் நம்புவார்கள்? ஆனால் பாதிக்கு மேல் வேகம் குறைந்துவிடுகிறது. 'கிரௌன் ஆஃப் ஹார்ன்ஸ்', 'எஸ்கேப் ஃப்ரம் ரியாலிட்டி' இரண்டும் வந்தால் தாண்டிப் போய்விடுகிறேன். என் நண்பன், "எல்லாம் கம்ப்யூட்டர் வேலை. கிழவர்கள் மேல் பரிதாபப்பட்டுப் பாராட்டுகிறாய்" என்கிறான். இதையே பெயர் தெரியாத ஒரு புதுக் குழு போட்டிருந்தால் நாம் இவ்வளவு கேட்டிருப்போமா? இன்னொன்று, கல்லூரியில் படிக்கும் என் தம்பிக்கு இவர்களை அறிமுகப்படுத்த வேண்டும். எந்த ஆல்பத்தைக் கொடுக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பரிடமிருந்து தொடங்குகிறேன். கம்ப்யூட்டர் படாமல் இன்று ஏறக்குறைய எந்த ஆல்பமும் வெளியே வருவதில்லை, இளைஞர்களுடையதும்தான். ப்ரீஸ்ட் மீது இந்தப் புகார் கம்ப்யூட்டர் காலத்துக்கும் முந்தையது. ஜப்பானில் பதிவான 1979ஆம் ஆண்டின் 'அன்லீஷ்ட் இன் தி ஈஸ்ட்' நேரடி ஆல்பத்துக்கு, மேடையில் குரல் கெட்டுப்போயிருந்ததால் ஹால்ஃபோர்ட் பிறகு ஸ்டுடியோவில் பாடிச் சேர்த்தார். உடனே 'அன்லீஷ்ட் இன் தி ஸ்டுடியோ' என்று கேலிப்பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரின் வீட்டில் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' ஆல்பம் பதிவானபோது, 'மெட்டல் காட்ஸ்' பாட்டில் இயந்திரப் படை நடந்துவரும் ஓசைக்காகக் கரண்டியும் கத்தியும் நிறைந்த தட்டைக் குலுக்கினார்கள். ஒலியைப் பதிந்து வாசிக்கும் சாம்ப்ளர் கருவி பரவாத காலத்தில் அதுதான் வழி. கையில் கிடைத்ததை வைத்து ஒலி செய்வது இவர்களுக்கு எப்போதும் தொழில்.

1986இல் 'டர்போ' வந்தது. கிட்டார் சிந்தசைசரை வைத்து வாசித்த அந்த ஆல்பத்தைப் பழைய ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். மெட்டலை விற்றுவிட்டார்கள் என்றார்கள். இப்போது புது ஆல்பத்தின் முதல் பாட்டான 'பேனிக் அட்டாக்' தொடங்குவதே அந்தச் சாயலில்தான். கேட்டுவிட்டுப் புல்லரிக்கிறது என்று சொல்பவர்களில் அன்று திட்டியவர்களும் கட்டாயம் இருப்பார்கள். முப்பத்தெட்டு வருஷம் ஆறப்போட்டால் துரோகமும் பாரம்பரியமாகிவிடுகிறது போல.

பரிதாபம் என்று உங்கள் நண்பர் சொன்னதை மட்டும் லேசாகத் தள்ளிவிட முடியாது, அதற்கான காரணங்கள் எல்லாம் கண்முன்னே இருப்பதால். கிட்டார் கலைஞர் கிளென் டிப்டனுக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதை 2018 பிப்ரவரியில், முந்தைய ஆல்பமான 'ஃபயர்பவர்' வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பு அறிவித்தார்கள். அதன்பின் மேடையில் அவர் இடத்தில் நின்று வாசிப்பவர் தயாரிப்பாளர் ஆண்டி ஸ்னீப். முடிந்த ஊர்களில் டிப்டன் கடைசிச் சில பாடல்களுக்கு மட்டும் வந்து போயிருக்கிறார். 2021 செப்டம்பரில் லூயிவில் நகர மேடையில் 'பெயின்கில்லர்' வாசித்துக்கொண்டிருந்தபோது இன்னொரு கிட்டார் கலைஞர் ரிச்சி ஃபாக்னரின் மகாதமனி கிழிந்தது. பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். அன்றே பத்து மணி நேரத்துக்கும் மேலான அறுவைச் சிகிச்சை. ஹால்ஃபோர்ட் புராஸ்டேட் புற்றுநோயைத் தாண்டி வந்தவர். இவ்வளவும் தெரிந்த காதோடு கேட்டால் மதிப்பெண் சற்றுத் தாராளமாகத்தான் விழும். நான் மட்டும் விதிவிலக்கு என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்கள் கேள்வி, புதுக் குழு போட்டிருந்தால் என்ற கேள்வி, என்னை வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறது. உங்களைத் துள்ளவைத்த முதல் மூன்று பாடல்களைத் திறமையான புதுக் குழு ஒன்று செய்துவிட முடியும். ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் எத்தனையோ குழுக்கள் வருஷம் தவறாமல் ஏறக்குறைய அதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன. டிரம்மர் ஸ்காட் டிராவிஸின் டபுள் பேஸ் (இரண்டு காலாலும் அடிக்கும் டிரம்), இரண்டு கிட்டார் மாறி மாறிப் பேசும் சோலோ, உச்சியில் ஓர் அலறல். 'பெயின்கில்லர்' (1990) வரைந்து கொடுத்த வரைபடம் அது. நீங்கள் தாண்டிப் போகும் இரண்டு பாடல்களை எந்தப் புதுக் குழுவாலும் செய்ய முடியாது.

இதை விளக்க ஆல்பம் யார் கையில் உருவானது என்று பார்க்க வேண்டும். பழைய கிட்டார் கலைஞர் கே.கே. டவுனிங் விலகியதும் 2011இல் வந்து சேர்ந்த ஃபாக்னர், 'பிரிட்டிஷ் ஸ்டீல்' வெளியான 1980இல் பிறந்தவர். ஸ்னீப்பும் ப்ரீஸ்டைக் கேட்டு வளர்ந்த தலைமுறை. ப்ரீஸ்ட் எப்படி ஒலிக்க வேண்டும் என்பது ப்ரீஸ்டைவிட இவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆல்பத்தின் பலமும் அதுதான், தொந்தரவும் அதுதான். தலைப்புப் பாட்டின் நடுவில் அந்த நீண்ட சோலோ வரிசையைக் கவனித்திருப்பீர்கள். ஒரு பிசிறு இல்லை. எந்த ரசிகனுக்கு எந்த இடத்தில் கை முஷ்டி உயரும் என்று கணக்குப் போட்டு வைத்த மாதிரி இருக்கிறது. எனக்கும் முஷ்டி உயர்ந்தது, கொஞ்சம் எரிச்சலோடு.

ஒலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் முன்னால் வந்து நிற்கிறது, எதற்கும் பின்னால் போக இடமில்லை. ஆரம்ப நாளிலிருந்து குழுவில் இருக்கும் இயன் ஹில்லின் பேஸ் கிட்டாரைத் தேடித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஐம்பது வருஷமாக அவர் தலைவிதி அது, ஸ்னீப்பை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இந்தக் கணக்கு தளரும் இடம் 'கிரௌன் ஆஃப் ஹார்ன்ஸ்'. வேகம் பாதியாகிறது, ஹால்ஃபோர்ட் கீழே இறங்கி வருகிறார். அந்த நடு ஸ்தாயியில் அவருடைய குரலுக்கு இப்போது ஒரு கரகரப்பு இருக்கிறது, இளமையில் இல்லாதது. சொற்களின் முடிவில் மூச்சு கொஞ்சம் மிச்சமாகிறது, அவர் அதை மறைக்கவில்லை. மேல்ஸ்தாயி கைவிட்டபின் மத்திய ஸ்தாயியில் நின்று உணர்ச்சியை மட்டும் வைத்துப் பாடிய வித்வான்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த இடம் உடனே பிடிபடும். பாட்டு அன்பையும் மீட்பையும் பற்றியது. தான் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதை 1998 வரை வெளியில் சொல்ல முடியாமல், இந்தத் தோல் உடை, ஆணி வைத்த பட்டை உலகத்துக்கு நடுவிலேயே வாழ்ந்த மனிதர் பாடுகிறார் என்று நினைத்துக் கேளுங்கள். நினைக்காமல் கேட்டாலும் நிற்கும் என்பதுதான் என் கட்சி.

'எஸ்கேப் ஃப்ரம் ரியாலிட்டி' இன்னும் விசேஷம். அதன் ஆதார ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) டிப்டன் எப்போதோ எழுதி வைத்திருந்தது. கனத்து, நொண்டியபடி நகர்கிறது. நடுவில் ஹால்ஃபோர்டின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் மாறும். அங்கே இவர்களுடைய பர்மிங்ஹாம் பக்கத்து அண்ணன்மார்களான பிளாக் சபாத் குழுவின் ஞாபகம் வராமல் போகாது. அது நகல் என்று எனக்குப் படவில்லை, ஊர்வாசனை. ஹால்ஃபோர்ட் வளர்ந்த வால்சால் அன்று இரும்பு உருக்கிய ஊர். பக்கத்து ஆலைச் சம்மட்டி அடியில் பள்ளிக்கூட மேசை அதிர்ந்ததை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த அதிர்வுக்கு வேகம் கிடையாது, கனம்தான். நோயால் இப்போது மேடையில் முழுக் கச்சேரியும் வாசிக்க முடியாத ஒருவரின் ரிஃப்பை, பிறகு வந்து சேர்ந்தவர்கள் அவசரப்படுத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். ஆல்பத்தில் ஃபாக்னர் செய்த ஆகப் பெரிய காரியம் இதுதான் என்று நினைக்கிறேன், அத்தனை சோலோக்களையும் சேர்த்துக்கொண்டாலும்.

2022 ஜனவரியில் நடந்தது ஞாபகமிருக்கும். இனி ஒற்றைக் கிட்டாரோடு நால்வராகவே மேடையேறுவோம் என்று அறிவித்தார்கள். ரசிகர்கள் கொதித்ததும் சில நாட்களில் பின்வாங்கி ஸ்னீப்பைத் திரும்ப அழைத்தார்கள். இரண்டு கிட்டார் இல்லாவிட்டால் அது ப்ரீஸ்ட் இல்லை என்று அவர்களுக்கே நினைவூட்ட வேண்டியிருந்தது. கேட்பவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கேடயம் ('ஷீல்ட்') என்று ஆல்பத் தலைப்பு சொல்வதை, அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என்னால் வெறும் விளம்பரமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். 'டெவில் இன் டிஸ்கைஸ்' நல்ல பாட்டு, முதல் தடவை பிடிபடாது. 'ஆஸ் காட் இஸ் மை விட்னஸ்' டிராவிஸுக்காகக் கேட்கலாம். 'சன்ஸ் ஆஃப் தண்டர்' மோட்டார் சைக்கிள் பாட்டு. 'ஹெல் பென்ட் ஃபார் லெதர்' இருக்கும்போது அது எதற்கு என்று தெரியவில்லை. கடைசியில் வரும் 'ஜயண்ட்ஸ் இன் தி ஸ்கை' லெம்மி, ரோனி ஜேம்ஸ் டியோ போன்ற மறைந்த மெட்டல் பாடகர்களுக்கு அஞ்சலி. இந்த மாதிரி அஞ்சலிகள் கண்ணீரை வற்புறுத்தி வாங்கும். இது வாங்கவில்லை. நடுவில் வரும் அக்கூஸ்டிக் கிட்டார்ப் பகுதி சட்டென்று எல்லாவற்றையும் அடக்குகிறது, பிறகு பாட்டு மறுபடி எழுகிறது. முதல் தரம்.

டீலக்ஸ் பதிப்பின் மூன்று கூடுதல் பாடல்களையும் விட்டுவிடாதீர்கள். 'தி லாட்ஜர்' எழுதியவர் பாப் ஹாலிகன் ஜூனியர், 1984இல் இவர்களுக்கு 'சம் ஹெட்ஸ் ஆர் கோன்னா ரோல்' எழுதிக் கொடுத்த அதே ஆள். பழிவாங்கும் கதை, நாடகத்தனமானது, எனக்குப் பிடித்தது. 'சன்ஸ் ஆஃப் தண்டர்' இருக்குமிடத்தில், இந்த மூன்றில் இன்னொன்றான 'விஷஸ் சர்க்கிள்' இருந்திருக்க வேண்டும்.

தம்பிக்கு இந்த ஆல்பம் வேண்டாம், 'பெயின்கில்லர்' அறவே வேண்டாம். அதில் தொடங்கினால் ஒன்று ஓடிவிடுவார், அல்லது வேகம் மட்டும்தான் மெட்டல் என்று நினைத்துக்கொள்வார். 1978இன் 'ஸ்டெயின்ட் கிளாஸ்' கொடுங்கள். 'எக்ஸைட்டர்' பாட்டில் அவர் கேட்கும் வேகம் கிடைக்கும். ஆனால் 'பியாண்ட் தி ரெல்ம்ஸ் ஆஃப் டெத்' வரும்போது தாண்டிப் போக விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே நீங்களும் கேட்டதாக இருக்கும்.