ஜூலையிலேயே இலை மஞ்சளானால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை

டொரண்டோவில் மேப்பிள் நிழலில் ஜாக்-இன்-த-பல்பிட் (Jack-in-the-pulpit) என்ற காட்டுச் செடியை வைத்து 3 வருடமாகிறது, பூ வருகிறது, சிவப்புப் பழம் வரவில்லை, இப்போது இலையும் மஞ்சளாகிறது என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கிழங்கைத் தோண்டி எறிந்துவிடாதீர்கள்.

நம் சேனை, சேம்பு குடும்பத்துச் செடிதான் இது. சேனை காய்ந்து படுப்பது போல இதுவும் உறங்கப் போகிறது. காய் பிடிக்காத செடி, மண் காய்ந்தால், கோடையிலேயே படுத்துவிடும். மேப்பிள் வேர்கள் மேல்மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் உங்களிடம் இன்னும் சீக்கிரம் நடக்கிறது. இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அது துரு நோய். அந்தச் செடியைக் கிழங்கோடு எடுத்துவிடுவதுதான் நல்லது.

பழம் வராததற்குக் காரணம் வேறு. கிழங்கு சிறிதாக இருக்கும்வரை ஆண் பூதான் வரும். நன்றாகப் பருத்த பிறகே பெண் பூ. காய்த்துக் களைத்தால் மறுவருடம் ஆணாகவே திரும்பிவிடுவதும் உண்டு! எனக்கு இந்தச் செடியில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். ஆணும் பெண்ணும் பக்கத்தில் வேண்டும், அதனால் இன்னும் 2, 3 கிழங்குகள் சேருங்கள்.

இலையுதிர் காலத்தில் மேப்பிள் இலைகளை வாராமல் மூடாக்காக விடுங்கள். வசந்தத்தில் முளைத்ததும் ஈரம் குறையாமல் தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம், கிழங்கைக் கையுறை போட்டே தொடுங்கள், கருணைக்கிழங்கு போலவே அரிக்கும். குழந்தைகள் பழத்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.