சீஸ் டோஸ்ட்: வீட்டுக்கு வீடு ஒரு முறை, உங்கள் அடுப்புக்கு எது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் வீட்டில் காஸ் அடுப்பும் மைக்ரோவேவும்தான், ஓவன் இல்லை. சீஸ் டோஸ்ட் என்றாலே வாக்குவாதம். மாமி வாட்டாத பாணிலேயே சீஸை வைத்துத் தாச்சியில் மூடிவிடுவார். இவருக்கோ இரண்டு பக்கமும் வாட்டிய பாண்தான் வேண்டும். மகன் மைக்ரோவேவில் வைத்து அரை நிமிடத்தில் எடுத்துவிடுகிறான். நான் எப்படிச் செய்தாலும் சீஸில் எண்ணெய் மிதக்கிறது, பாண் நனைந்துபோகிறது. யார் சொல்வது சரி? மாமி வெள்ளிக்கிழமை சைவம், அவருக்கும் கொடுக்கலாமா?"

மகனின் முறையை முதலில் தள்ளிவிடுவோம். மைக்ரோவேவ் பாணில் இருக்கும் ஈரத்தைத்தான் சூடாக்குகிறது. அதனால் எடுத்தவுடன் பாண் தொய்ந்து கிடக்கும், கொஞ்சம் ஆறினால் கடிக்கவே வராது. அவசரம் என்றால் தாச்சியில் வாட்டிய பாணின் மேல் சீஸை வைத்து 15 விநாடி மட்டும் காட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

மாமிக்கும் கணவருக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்வது அவ்வளவு லேசில்லை. இது உங்கள் வீட்டுச் சண்டை மட்டுமல்ல. 1747இல் லண்டனில் வெளிவந்த ஒரு சமையல் புத்தகத்திலேயே இதற்கு மூன்று முறை இருக்கிறது: ஸ்கொட்லாந்துக்காரருக்கு ஒன்று, வேல்ஸ்காரருக்கு ஒன்று, ஆங்கிலேயருக்கு ஒன்று. ஆங்கிலேயர் முறையில் வாட்டிய பாணைச் சிவப்பு வைனில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். (நனைந்த பாணை விரும்பிச் சாப்பிட்டவர்களும் இருந்திருக்கிறார்கள்!) வேல்ஸ்காரர் முறையில் சீஸின் ஒரு பக்கத்தைத் தீயில் வாட்டிப் பாணில் வைத்து, மறுபக்கத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மேலிருந்து சிவக்க வைக்க வேண்டும். விஷயம் அந்த இரும்பில்தான் இருக்கிறது. சூடு மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்பதைப் பொறுத்து முறை மாறும். ஓவன் கிரில் உள்ள வீட்டில் உங்கள் கணவர் சொல்வது சரி. இரண்டு பக்கமும் வாட்டி, சீஸ் வைக்கும் பக்கத்தை மட்டும் லேசாக வாட்டினால் போதும், மேல் சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். உங்களிடம் இருப்பது கீழ்ச்சூடு. அதற்கு மாமியின் மூடிதான் உதவும், ஆனால் வாட்டாத பாணில் அல்ல.

காரணம் இதுதான். சீஸில் உள்ள கொழுப்பு 32 பாகை அளவிலேயே இளக ஆரம்பிக்கும். அதைப் பிடித்துவைத்திருக்கும் புரதப் பின்னல் தளர்ந்து செடார் வழிய ஏறக்குறைய 65 பாகை வேண்டும். அதற்கு மேல் சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் அதே புரதம் இறுகி, கொழுப்பையும் நீரையும் வெளியே பிழிந்துவிடும். உங்கள் சீஸில் மிதக்கிற எண்ணெய் அதுதான். பாணுக்கோ நேர்மாறான தேவை: சிவந்து மொறுமொறுக்க 140 பாகைக்கு மேல், அதுவும் ஈரமில்லாத சூடு. இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே தீயில் செய்யப் பார்ப்பதால்தான் சிக்கல்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். நேற்று வாங்கிய பாணாக இருக்கட்டும். சூன் பாண் ஓட்டோவில் சுடச்சுட வாங்கியது அப்படியே சாப்பிட நல்லது, வாட்டுவதற்கு ஈரம் அதிகம், வெட்டும்போதே நசுங்கும். றாத்தல் பாணை ஒன்றரை சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டி, தாச்சியில் மிதமான தீயில் ஒரு பக்கத்தை நன்றாகச் சிவக்க விடுங்கள். எடுத்து, வாட்டாத பக்கத்தில் பட்டரை ஓரம்வரை மெல்லிதாகப் பூசி, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி திரும்பப் போடுங்கள். இப்போது சிவந்த பக்கம் மேலே. அதில்தான் சீஸ். ஒரு துண்டுக்கு 30 கிராம் துருவல், ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக. தீயைக் குறைத்து மூடி, ஒன்றரை நிமிடத்தில் திறந்து பாருங்கள். துருவலின் கூர் மறைந்து பளபளப்பு வந்தால் போதும், எண்ணெய் முத்து தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. மூடியின் உட்புறத்தில் நீர் கோத்திருக்கும். அது சீஸில் சொட்டாதபடி சாய்க்காமல் தூக்கி, மூடியில்லாமல் அரை நிமிடம் விட்டு இறக்குங்கள். இறக்கியதைத் தட்டையான பீங்கானில் வைத்தால் அடிப்பக்கம் வேர்த்து, வாட்டியதெல்லாம் வீண். கம்பித் தட்டு இல்லாவிட்டால் இரண்டு கரண்டிக் காம்புகளின் மேல் ஒரு நிமிடம் வைத்தாலும் போதும்.

சீஸ் சிவக்கவில்லையே என்று கணவர் குறை சொன்னால், ஒட்டாத தாச்சி இருக்கிறதா பாருங்கள். உருகிய டோஸ்டைச் சீஸ் பக்கம் கீழாக அப்படியே கவிழ்த்துவிடுங்கள். முதலில் ஒட்டும், நோண்டக் கூடாது. ஓரம் பொன்னிறமாகி அதுவாகக் கழன்றதும் எடுத்தால் மொறுமொறுப்பான ஒரு விளிம்பு கிடைக்கும். எனக்கு இதுதான் பிடித்த முறை, கிரில் இருந்தாலும்.

சீஸைப் பொறுத்தவரை, வட்டப் பெட்டியில் வரும் முக்கோணச் சீஸ் இதற்குச் சரிவராது. இளகும், ஆனால் ஒழுங்காகச் சிவக்காது. கட்டியாக வரும் பதப்படுத்திய செடாரில் புரதமும் கொழுப்பும் பிரியாமலிருக்கச் சிட்ரேட், பொஸ்பேட் உப்புகள் சேர்க்கப்படுகின்றன. எண்ணெய் மிதப்பது உங்களுக்குத் தலையிடி என்றால் அதையே வாங்குங்கள். ருசி நன்கு முதிர்ந்த செடாரில்தான் அதிகம், எண்ணெய் விடுவதும் அதுதான். இரண்டையும் பாதிப் பாதியாகக் கலப்பது நல்ல வழி. 100 கிராம் துருவலுக்கு ஒரு தேக்கரண்டி கோதுமை மாவு பிசறினாலும் எண்ணெய் அவ்வளவாகப் பிரியாது. பனீர் உருகவே உருகாது, முயல வேண்டாம்.

மேலே என்ன போடலாம் என்பதில் நான் தாராளம்தான். ஆனால் தக்காளியும் பச்சை வெங்காயமும் நீர் விடும். தக்காளியில் விதையை எடுத்துவிட்டும், வெங்காயத்தை வதக்கியும் போடுங்கள். சீனிச் சம்பலைச் சீஸுக்கு மேலே வைத்துக் கவிழ்த்தால் கருகும், அடியில் பூசினால் கருகாது. கட்டைச் சம்பலும் அடியில்தான், ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

இனி மாமியின் வெள்ளிக்கிழமை. சீஸ் உறைய வைக்கும் ரெனெட் கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படும், நுண்ணுயிரிலிருந்தும் எடுக்கப்படும். லேபிளில் சைவக் குறியோ நுண்ணுயிர் ரெனெட் என்றோ இருந்தால் கொடுக்கலாம். வெறுமனே ரெனெட் என்று மட்டும் இருந்தால் அந்தப் பெட்டியை மற்ற நாட்களுக்கு வையுங்கள். சிலர் ருசிக்காக மேலே விடும் வூஸ்டர் சோஸையும் கவனியுங்கள். புளி சேர்ந்திருப்பதால் நம் நாக்குக்குப் பழகிய ருசி, ஆனால் வழக்கமான தயாரிப்பில் நெத்தலியும் சேர்கிறது. அன்றைக்கு அதற்குப் பதிலாகச் சோயா சோஸ் நாலு துளியும் மிளகுத் தூளும் போதும்.