கடற்கரையில் ஒரு தீப்பெட்டி வீடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

குயின்ஸ்லாந்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பினேன். ஒரு கடற்கரை ஊருக்குக் கூட்டிப்போனார்கள். பளபளவென்று நிற்கும் அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு பழைய கட்டடம். கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு. ஆஸ்பெஸ்டாஸ் பலகைச் சுவர், வெளிப்பக்கமாக ஏறும் படி. உள்நாட்டு விவசாயக் குடும்பங்கள் லீவுக்கு வந்து தங்க ஒரு பெண்கள் சங்கம் கட்டியதாம். இடிக்கக் கூடாது, பாரம்பரியச் சின்னமாக அறிவிக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்களாம். மாப்பிள்ளை சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆயிரம் வருடத்துக் கல் மண்டபத்துக்குப் பெயின்ட் அடிக்கிற ஊர்க்காரன் நான். இந்தத் தீப்பெட்டியில் என்ன சார் பாரம்பரியம்? பல வருடமாக அங்கே இருக்கிறவர் நீங்கள், சொல்லுங்கள்.

கே.எஸ்., கோவை

அன்புள்ள கே.எஸ். சார்,

தீப்பெட்டி என்பதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செங்கல்லும் மரமும் கிடைக்காத காலத்தில் ஆஸ்திரேலியக் கடற்கரை முழுக்க இப்படித்தான் கட்டினார்கள். சட்டகம் அடித்து, அதன்மேல் ஃபைப்ரோ என்கிற சிமென்ட் நார்ப் பலகை, கண்ணாடிப் பட்டை ஜன்னல், மேலே தகரம். சீக்கிரம் எழும்பும், செலவு குறைவு. கட்டடக் கலை பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. யார் கட்டியது, யாருக்காக என்று மாப்பிள்ளை சொன்னாரே, விஷயம் அங்கே இருக்கிறது.

நீங்கள் பார்த்தது கடலோர ஆஸ்திரேலியா. குயின்ஸ்லாந்தின் கிழக்கே இருக்கிற ராக்ஹாம்ப்டனிலிருந்து மேற்கே உள்நாட்டு ஊரான லாங்ரீச் கிட்டத்தட்ட 700 கி.மீ. சென்னையிலிருந்து கன்னியாகுமரி போகிற தூரம், ஆனால் வழியில் விழுப்புரமும் திருச்சியும் மதுரையும் கிடையாது. அதையும் தாண்டி ஆட்டுப் பண்ணைகள். பக்கத்து வீட்டுக்குப் போக அரை நாள் ஆகும். டிசம்பர், ஜனவரியில் நாள்கணக்காக 40 டிகிரி. விமானத்தில் டாக்டர் வந்து பார்க்கிற ஏற்பாடே 1928-ல்தான், குளோன்கரியில் தொடங்கியது. அதற்கு முன்னால் அங்கே பிள்ளை பெற்ற பெண்களை நினைத்துப் பாருங்கள். பேச்சுத்துணைக்கு இன்னொரு பெண் முகத்தைப் பார்த்தே மாதக்கணக்கில் ஆகியிருக்கும்.

அந்தப் பெண்கள் சேர்ந்து ஆரம்பித்ததுதான் நாட்டுப்புறப் பெண்கள் சங்கம். ஆங்கிலத்தில் கன்ட்ரி விமன்ஸ் அசோசியேஷன், இங்கே எல்லோரும் சுருக்கமாக சி.டபிள்யூ.ஏ. என்பார்கள். 1922-ல் முதலில் நியூ சவுத் வேல்ஸ், அதே வருடம் குயின்ஸ்லாந்து, 1924-ல் மேற்கு ஆஸ்திரேலியா என்று பரவியது. நியூ சவுத் வேல்ஸில் கிரேஸ் மன்ரோ, குயின்ஸ்லாந்தில் ரூத் ஃபேர்ஃபாக்ஸ் முதல் தலைவிகள். இருவருமே வசதியான பண்ணைக் குடும்பத்துப் பெண்கள்தான். ஆனால் கேட்டது என்னவோ சின்னச் சின்ன விஷயங்கள். சந்தை நாளில் டவுனுக்கு வருகிற தாய் உட்கார்ந்து பால் கொடுக்க ஒரு அறை வேண்டும். கைக்குழந்தையைக் காட்ட ஒரு நர்ஸ் வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளோடு கடலைப் பார்க்க ஒரு இடம் வேண்டும். மூன்றையும் அரசாங்கம் தரும் என்று காத்திருக்காமல் தாங்களே கட்டத் தொடங்கினார்கள்.

காசு எங்கிருந்து வந்தது? கேக் விற்று. நான் கிண்டல் செய்யவில்லை. தெருவோரம் மேஜை போட்டு ஸ்கோனும் ஜாமும் லேமிங்டனும் விற்பார்கள், டான்ஸ் நடத்துவார்கள், குலுக்கல் சீட்டு விற்பார்கள். (ஸ்கோன் ஜாம் தடவித் தின்கிற சின்ன ரொட்டி, லேமிங்டன் தேங்காய்ப்பூவில் புரட்டிய கேக். ஊருக்குத் திரும்புமுன் மகள் வாங்கித் தரவில்லை என்றால் கோபித்துக்கொள்ளலாம்.) இன்றும் சிட்னி ஈஸ்டர் கண்காட்சியில் சங்கத்து ஸ்கோனுக்குத்தான் வரிசை நிற்கிறது. மழை பொய்த்த வருடங்களிலும் அந்தச் சில்லறை நின்றதில்லை.

கடல் எதற்கு, பக்கத்து ஆற்றில் குளித்தால் போதாதா என்று கேட்பீர்கள். அன்றைக்குக் கடற்காற்று மருந்து. வறண்ட மேற்கில் கண்நோய் அதிகம். ஸ்டான்லி டிரம்மண்ட் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் மேற்குப் பக்கத்துப் பிள்ளைகளை ரயிலேற்றிச் சிட்னியின் மேன்லி கடற்கரைக்கு அழைத்து வந்து தங்கவைத்துக் கண், பல், கால் எல்லாம் பார்க்க ஏற்பாடு செய்தார். 1924-ல் அவர் தொடங்கியது இன்றும் மேன்லியில் நடக்கிறது. சங்கத்தின் கடற்கரை இல்லங்களுக்குப் பின்னாலும் இதே எண்ணம்தான். பிள்ளைக்கு உடம்பு தேறும், அம்மாவுக்கு மனசு தேறும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 1944-ல் சம்பளத்தோடு இரண்டு வார லீவு சட்டமானது. ஆலைத் தொழிலாளி குடும்பத்தோடு கடற்கரைக்குக் கிளம்பிவிட்டார். பண்ணைக்காரருக்கு யார் லீவு கொடுப்பது? மாட்டுக்கு இரண்டு வேளை பால் கறந்தாக வேண்டும். அதனால் பல வீடுகளில் அவர் நின்றுகொள்வார், அம்மாவும் பிள்ளைகளும் போவார்கள். இந்த வீடுகளின் அமைப்பே அதற்கேற்ற மாதிரிதான்.

ஒரு தடவை இப்படி ஒரு வீட்டில் நண்பர் குடும்பத்தோடு தங்கினேன். சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தட்டச்சுப் பட்டியல் ஒட்டியிருந்தது: தட்டு ஆறு, முட்டைக் கிண்ணம் ஆறு, டீ கெட்டில் ஒன்று, பெரிய கத்தி ஒன்று. கிளம்பும்போது எண்ணிச் சரிபார்த்து வைக்க வேண்டும். முட்டைக் கிண்ணம் நாலுதான் இருந்தது. எங்களுக்கு முன்னால் யாரோ பென்சிலால் 'நாலு' என்று திருத்திக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். படுக்கை விரிப்பு நம்முடையது. துவைக்கிற இடம் கீழே, எல்லோருக்கும் பொது. முழு வீட்டிலும் நன்றாகக் கட்டியது அந்த இடம்தான் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு சிமென்ட் தொட்டி, பக்கத்தில் நீளமாக ஒரு பெஞ்ச். மேலே தனித்தனிக் கதவை வைத்துவிட்டு, கீழே பெண்கள் உட்கார்ந்து பேச இடம் விட்டிருக்கிறார்கள். மாதக்கணக்கில் பேச்சுத்துணை இல்லாதவர்கள் என்று சொன்னேனே, அவர்கள் வரைந்த பிளான் அது.

எல்லாம் நல்லதாக மட்டும் சொல்லிவிட்டுப் போகவும் எனக்கு மனம் வரவில்லை. 'நாட்டுப்புறப் பெண்' என்று சங்கம் சொன்னபோது நெடுங்காலம் அதில் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள். அதே பண்ணைகளில் துணி துவைத்த, பிள்ளை வளர்த்த பூர்வகுடிப் பெண்கள் கணக்கில் இல்லை. 1950களின் பிற்பாதியில் நியூ சவுத் வேல்ஸில் பூர்வகுடிப் பெண்களுக்கென்று சில கிளைகள் வந்தன, அவ்வளவுதான். 1965-ல் சார்லஸ் பெர்கின்ஸ் என்ற பூர்வகுடி மாணவரும் சக மாணவர்களும் பஸ்ஸில் போய், பூர்வகுடிப் பிள்ளைகளை விடாத மோரீ என்ற ஊரின் நீச்சல்குளத்தில் அவர்களை இறக்கப் போராட வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். சின்னமாக்குகிறவர்கள் பலகை வைக்கும்போது இதையும் எழுத வேண்டும்.

சரி, சின்னமாக்கலாமா? ஆஸ்திரேலியாவில் பாரம்பரியப் பாதுகாப்புக்கு அடிப்படை பர்ரா சாசனம். தெற்கு ஆஸ்திரேலியாவின் பர்ரா என்ற பழைய செம்புச் சுரங்க ஊரில் 1979-ல் ஏற்றுக்கொண்டது. (அந்த மாநிலத்தில் சங்கத்தின் முதல் கிளையை மேரி வார்ன்ஸ் 1926-ல் தொடங்கியதும் அதே பர்ராவில்தான்!) அழகு, வரலாறு மட்டுமில்லை, ஒரு சமூகத்துக்கு அந்த இடத்தோடுள்ள உறவும் மதிப்புதான் என்கிறது சாசனம். அதன்படி உங்கள் தீப்பெட்டி தேறிவிடும். குயின்ஸ்லாந்தின் கடற்கரை நகரமான கோல்ட் கோஸ்ட்டில் 1960-ஐ ஒட்டி எழுந்த கின்காபூல் என்ற பத்துமாடி விடுமுறைக் கட்டடமே மாநிலப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. அது காசுள்ளவர்கள் முதல் போட்ட இடம். கேக் விற்றுக் கட்டியது மட்டும் எந்த விதத்தில் குறைச்சல்?

ஆனால் சாசனத்தில் இன்னொரு விதி உண்டு. ஓர் இடத்தின் பயன்பாடே மதிப்புள்ளது என்றால் அந்தப் பயன்பாட்டை விடாமல் வைத்திருக்க வேண்டும். நான் பிடித்துக்கொள்வது இதைத்தான். சுவரைக் காப்பாற்றி, உள்ளே பாலிஷ் போட்டு, ஒரு ராத்திரிக்கு ஒரு பண்ணைக் கூலியின் வாரச் சம்பளத்தை வாடகையாகக் கேட்டால் காப்பாற்றியது என்ன? வெறும் ஃபைப்ரோ. அதுவும் பழைய ஃபைப்ரோ என்றால் ஆஸ்பெஸ்டாஸ். 2003 முடிவோடு நாடு முழுக்கத் தடை செய்த பொருள். ஒரு ஆணி அடிக்கக்கூட யோசிக்க வேண்டும்.

சங்கத்துக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. உறுப்பினர்களுக்கு வயதாகிவிட்டது, புதிதாகச் சேருகிறவர்கள் குறைவு. இன்ஷூரன்ஸும் நகராட்சி வரியும் கேக் விற்கிற காசில் அடங்காது. காலடியில் இருக்கிற மண்ணோ தங்க விலை. விற்றால் அந்தப் பணத்தில் ஊரை விட்டு வந்து படிக்கிற எத்தனையோ பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் உதவி செய்யலாம் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும் என்றால் கட்டடம் போகட்டும் என்பேன். அதே ஊரில், கடலுக்கு நடந்துபோகிற தூரத்தில், பண்ணைக் குடும்பத்துக்கு அதே குறைந்த வாடகையில் நாலு வீடு புதிதாகக் கட்டிக் கொடுக்கட்டும், போதும். கீழே துவைக்கிற இடத்தில் பெஞ்ச் மட்டும் போட மறக்கக் கூடாது. கட்டடத்தைச் சின்னமாக்கக் கேட்கிறவர்களில் பலருக்கு நான் சொல்வது பிடிக்காது, தெரியும்.

அடுத்த தடவை வரும்போது ஹோட்டல் வேண்டாம். சங்கத்தின் சில கிளைகள் இன்னும் இப்படித் தங்குமிடங்களை வாடகைக்கு விடுகின்றன. உறுப்பினர் இல்லாதவர்களுக்கும் இடம் உண்டா என்று மகளை முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். பள்ளி விடுமுறை நாட்களில் மட்டும் கேட்க வேண்டாம், அது பண்ணைப் பிள்ளைகளின் முறை. படுக்கை விரிப்பும் துண்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்.